கவியும் கைப்பேசியும்: படுவான்கரையிற் பிரிவு

தனிமையைத் தொழில்நுட்பம் உண்டாக்குகின்றது என்பாரும், அதுவே தனிமைக்கு மருந்து என்பாரும் உளர். இரு சாராரும் உழைப்பை மறந்துவிடுகின்றனர். மட்டக்களப்பு வாவியின் மேற்கே அமைந்த மண்டூரையும் அதனைச் சூழ்ந்த படுவான்கரையையும் வரலாற்றடிப்படையில் நோக்குமிடத்து இது தெளிவாகும்.

மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) இப்பிரதேசத்து நாட்டுக் கவிகளையும் ஆராய்ந்த நூல். அக்காதற் கவிகளில் மச்சானும் மச்சியும் உரையாடுகின்றனர். முறைமண உறவே காதலின் விளியாயிற்று. பிரிவை அளந்தவை வாவியின் அகலமும் வேளாண்மைக் காலமுமே. பரணிற் காவலிருந்தவன் அறுவடை முடிய ஊர் திரும்புவான். குருமண்வெளிக்குப் போனவள் 'பாதை'யேறி மீள்வாள். ஏக்கமுங்கூட வயல்வெளியிற் பலர் கேட்க ஒலித்தது. (அதனைக் கிராமியக் களங்கமின்மை எனப் போற்றும் ஆய்வாளர், போடியாரின் நிலத்தைப் பற்றி ஏனோ வாய்திறப்பதில்லை.)

1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரம் இவ்வளவைகளைக் குலைத்தது. மத்திய கிழக்கின் வீட்டுப் பணிக்கு இலங்கைப் பெண்கள் பெருந்தொகையாகச் சென்றனர். 1985இல் இதற்கெனச் சட்டமும் பணியகமும் தோன்றின. மட்டக்களப்பில் இதன் தாக்கம் தனித்தன்மையுடையது. இங்கு வீடு மகளுக்குச் சீதனமாகும். கணவனே மனைவியின் வீட்டுக்கு வருவான். அவ்வீட்டைக் கட்டும் பொருட்டே அவ்வீட்டுக்குரியவள் கடல் கடக்க நேர்ந்தது. அக்காலத்து ஒலிநாடாக் கடிதம் எழுத்தறியாதாருக்கும் குரலை வழங்கியது. ஆயினும் அதனைக் கேட்கக் குடும்பமே கூடுமாதலின், கணவனுக்கெனச் சொல்லவேண்டிய சொல் நாடாவில் ஏறவில்லை எனலாம்.

போர்க்காலத்திற் படுவான்கரையின் பெரும்பகுதி தொலைபேசி வசதியற்றுக் கிடந்தது. 2007இன் பின்னரே கைப்பேசி அங்கு பரவலாயிற்று. அந்தரங்கம் முதன்முறையாகத் தனியொருவர் கைக்குள் வந்தது என்பது மெய்யே. நாம் அதனைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உரையாடும் நேரத்தைத் தீர்மானிப்பவர் யார்? ரியாத்தில் இரவு 11 மணிக்கு வேலை ஓயும்பொழுது மண்டூரில் 1.30 மணி. விடிந்தால் வயலுக்குப் போகவேண்டிய கணவன் உறங்கியிருப்பான். கஃபாலா முறைமையின் கீழ்க் கடவுச்சீட்டோடு கைப்பேசியையும் எசமானர் பறித்து வைத்த சம்பவங்கள் பல. மறுபுறம், அவள் கடைசியாக இணைப்பிலிருந்த நேரத்தைத் திரையிற் காணும் கணவன், அந்நேரத்தில் யாரோடு பேசினாள் என்று கேட்கிறான். அவளோ, மாதமுடிவில் அனுப்பிய பணம் சீமெந்தாயிற்றா, சாராயமாயிற்றா என அறிய, வீட்டுச் சுவரைக் காட்டுமாறு கேட்கிறாள்.