வீராணம் குடிநீர்த் திட்டம்

வீராணம் குடிநீர்த் திட்டம் என்பது கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் உள்ள வீராணம் ஏரியின் நீரைச் சென்னைக்குக் குழாய்வழியே கொண்டுசெல்லும் திட்டமாகும். 1960களின் இறுதியில் உருவாகி, 1970களில் பாதியில் நின்று, ‘புதிய வீராணம் திட்டம்’ என்ற பெயரில் 2004இல் நிறைவேறியது. இடையில் கழிந்த முப்பதாண்டுகளில் தமிழ்நாட்டு மக்கள் கட்சிகள் மீதும் அரசு எந்திரத்தின் மீதும் கொண்ட கசப்புக்கு ‘வீராணம்’ என்ற பெயரே அடையாளமாகிவிட்டது.

ஏரி பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்ததாக மரபு. கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக இதற்குக் காவிரி நீர் வருகிறது. மழைக்காலத்தில் அரியலூர்ப் பக்கத்துக் காட்டாறுகளான செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் வந்து சேரும். இன்றைய முழு அளவு 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரங்களில் ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலம் இந்த ஏரியை நம்பியிருக்கிறது.

சென்னைக்கு வற்றாத ஆறு கிடையாது. 1944இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தையும் செங்குன்றம், சோழவரம் ஏரிகளையும் நம்பியிருந்த நகரம், தொழிற்சாலைகள் பெருகப் பெருகத் தாகத்தில் தவித்தது. வடகிழக்குப் பருவமழை ஓராண்டு பொய்த்தால் மறு கோடையில் தெருவெல்லாம் குடங்கள் வரிசை கட்டும். 1967இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க., இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வீராணத்திலிருந்து நீர் கொண்டுவர முனைந்தது. நகரத்தின் தேவை உண்மையானது. அன்றைய நிலையில் துணிச்சலான முடிவும்கூட.

பெரும் விட்டமுள்ள முன்தகைவு கான்கிரீட் குழாய்களைச் செய்து பதிக்கும் வேலை, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது சத்தியநாராயணா பிரதர்ஸ் என்ற நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கிய எம்.ஜி.ஆர்., அரசின் மீதான ஊழல் புகார்ப் பட்டியலைக் குடியரசுத் தலைவரிடம் அளித்தார். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31 அன்று, தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் உச்ச நீதிமன்ற நீதிபதி ரஞ்சித் சிங் சர்க்காரியா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அது விசாரித்த புகார்களில் வீராணம் முக்கியமானது. ஒப்பந்தம் கொடுத்த விதத்தில் முறைகேடு நடந்ததென ஆணையம் கருதியது. விசாரணையே அரசியல் பழிவாங்கல் என்று தி.மு.க. மறுத்தது. நீதிமன்றத்தில் எவரும் தண்டிக்கப்படவில்லை.

வேலை பாதியில் நின்றுபோக, குழாய்கள் மட்டும் சாலையோரத்தில் கிடந்தன. சென்னையிலிருந்து தெற்கே போனவர்கள் பல ஆண்டுகள் அவற்றைப் பார்த்தபடியே போனார்கள். ஆள் நுழையும் அளவு பெரிய அந்தக் குழாய்களுக்குள் வீடற்ற குடும்பங்கள் குடியிருந்தன. ஒரு தலைமுறைக்கு வீராணம் என்றால் ஏரி நினைவுக்கு வரவில்லை. இந்தக் குழாய்கள்தான் வந்தன.

ஊழல் நடந்ததா என்று விசாரிப்பதும் வேலையைச் செய்துமுடிப்பதும் வேறு வேறு கடமைகள். முதலாவதைக் காட்டி இரண்டாவதைக் கைவிட்டதுதான் இந்த வரலாற்றின் பெரும் பிழை. ஆணையத்தின் அறிக்கை மேடைப் பேச்சுக்குப் பயன்பட்டது. குடத்துக்குத் தண்ணீர் வரவில்லை. 1977இல் ஆட்சியைப் பிடித்த அ.தி.மு.க.வுக்கு வீராணம் எதிர்க்கட்சியின் திட்டம். தி.மு.க.வுக்கோ அந்தப் பெயரை எடுத்தாலே பழைய குற்றச்சாட்டு கூட வரும். இரண்டு தரப்புக்கும் மௌனமே வசதியாக இருந்தது. திட்டத்தைக் காக்க வேண்டிய நிரந்தர அரசு எந்திரம், அமைச்சரின் முகம் பார்த்து நடக்கப் பழகியிருந்தது.

எம்.ஜி.ஆர். வேறு வழி தேடினார். 1983இல் ஆந்திர முதலமைச்சர் என்.டி. ராமராவுடன் செய்துகொண்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் எல்லைக்கு வரவேண்டும். முதல் நீர் வந்தது 1996இல். அப்போது முதலமைச்சராக இருந்தவர் கருணாநிதி. ஒப்புக்கொண்ட முழு அளவு வருவது அரிதாகவே இருந்தது.

2001இல் மீண்டும் முதலமைச்சரான ஜெ. ஜெயலலிதா காலத்தில் வீராணம் உயிர்பெற்றது. கடும் வறட்சியில் சென்னையின் ஏரிகள் வறண்டு, நகரம் லாரித் தண்ணீரில் பிழைத்த காலம் அது. கான்கிரீட்டை விட்டு எஃகுக் குழாய்களுக்கு மாறினார்கள். சேத்தியாத்தோப்பு அருகே எடுக்கும் நீர் நெய்வேலி பக்கத்திலுள்ள வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, காடாம்புலியூர் மேட்டுக்கு ஏற்றப்படுகிறது. அங்கிருந்து சென்னைப் போரூர் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம் தானாகவே இறங்கி ஓடுகிறது. செலவு சுமார் 720 கோடி ரூபாய். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுசெல்லும் திறன். வேலை முடியும் தறுவாயில் ஏரியே வறண்டதால், நெய்வேலிப் பகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு அந்நீரையும் இதே குழாயில் அனுப்பினார்கள். 2019 கோடையில் சென்னையைச் சுற்றியுள்ள நீர்த்தேக்கங்கள் வறண்டபோது நகரத்தைத் தாங்கிப் பிடித்தவற்றுள் வீராணமும் ஒன்று.

இரு கட்சிகளின் சண்டையில் குரலே கேட்காமல் போனவர்கள் ஏரியின் ஆயக்கட்டுதாரர்கள். முன்பு பாசனத்துக்கு மட்டுமே தேங்கிய நீரில் இப்போது மாநகருக்கும் பங்குண்டு. மேட்டூர் அணை திறப்பு தாமதமானால் சம்பாவுக்கு முதலில் காய்வது கடைமடைதான். மழை கொட்டினால் நிலைமை தலைகீழ்: ஏரி நிரம்பி, லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடையில் திறக்கும் உபரிநீர் தாழ்வான கிராமங்களின் வயல்களை மூழ்கடிக்கும். காட்டாறுகள் ஆண்டுதோறும் கொண்டுவந்து தள்ளும் வண்டலால் ஏரி தூர்ந்துவருகிறது. முழுமையாகத் தூர்வாரினால் நகரத்துக்கும் வயலுக்கும் சேர்த்தே நீர் கூடும் என்பதால், தூர்வாருதல் இவ்வட்டார விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கையாக இருந்துவருகிறது.