சானடோரியம் ஸ்டாப்

சின்ன வயதில் பெருந்துறைப் பக்கம் பஸ்ஸில் போனால், கண்டக்டர் "சானடோரியம் எறங்கறவங்க வாங்க" என்று குரல் கொடுப்பார். உடனே அம்மா முந்தானையால் என் மூக்கை மூடுவார். அங்கிருந்த காசநோய் ஆஸ்பத்திரியின் மேல் ஊருக்கு அவ்வளவு பயம். இன்று அதே இடத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், 1952-இல் ஐசோனியசிட் என்று மருந்துகள் வந்த பிறகும் சானடோரியத்தில் படுக்க வேண்டும் என்றே நம்பினார்கள். ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளுக்குப் படுக்கைகள் எந்த மூலைக்கு?

1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்தினார். 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து, ஒரு வருடம் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் சாப்பாடும் ஓய்வும் அதிகம். ஆனாலும் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-இல் முடிவு வெளியானதும் உலகமே வீட்டு வைத்தியத்துக்கு மாறத் தொடங்கியது.

நல்ல மாற்றம்தான். ஆனால் யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்ற கேள்வி மிச்சமிருந்தது.

மில்லில் வேலை பார்த்த என் சித்தப்பாவுக்கு 1971-இல் இந்த நோய் வந்தது. கயிற்றுக் கட்டிலை விட்டு எழ இரண்டு பேர் பிடிக்க வேண்டும். பேசினாலே மூச்சு வாங்கும். பார்த்த டாக்டர், "மருந்து ஆரம்பிச்சாச்சு, வீட்டுலயே இருக்கட்டும், சரியாயிரும்" என்றார். நாங்களும் ஒரு வேளை தவறாமல் கொடுத்தோம். மூன்றாவது வாரம் போய்விட்டார். மருந்து வேலை செய்ய அவர் உடம்பு அவகாசம் தரவில்லை.

காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நடக்கிறது. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதைத்தான் குறிவைக்கிறது. நோய் தெரிந்தவுடனே ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை, இரண்டு கால்களிலும் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிக்காமல் நிற்க முடிகிறதா. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 36 கிலோவுக்கும் கீழே போயிருந்தால் ஆபத்து. மூச்சு 24-ஐத் தாண்டினாலும், ஆக்சிஜன் 94-க்குக் குறைந்தாலும், துணையில்லாமல் நிற்க முடியாவிட்டாலும் ஆபத்து. அப்படிப்பட்டவரை மேற்கொண்டு பரிசோதித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள்.

எக்ஸ்ரேகூட வேண்டாம். ஒரு தராசு, அளவு நாடா, கடிகாரம், விரலில் மாட்டும் சின்னக் கருவி. அந்தக் கருவி மட்டும்தான் 1971-இல் இல்லை. பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை. அன்று யாரும் சித்தப்பாவை, "எந்திரிச்சு நில்லு கண்ணு" என்று சொல்லிப் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால், மாத்திரையைக் கையில் வாங்கும்போதே இந்த ஐந்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.