நாக்டு அப் (திரைப்படம்)

நாக்டு அப் 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கக் காதல் நகைச்சுவைத் திரைப்படமாகும். ஜட் அபடோவ் எழுதி, இயக்கி, பிறருடன் இணைந்து தயாரித்த இத்திரைப்படத்தில் சேத் ரோகன், கேத்தரின் ஹைகல், பால் ரட், லெஸ்லி மான் முதலானோர் நடித்துள்ளனர். யூனிவர்சல் நிறுவனம் இதனை வெளியிட்டது. ஓர் இரவுப் பழக்கத்தால் ஒரு பெண் கருவுறுகிறாள். அதற்குக் காரணமான பொறுப்பற்ற இளைஞன் குழந்தை பிறப்பதற்குள் தந்தையாகத் தேறுகிறானா என்பதே கதை. தாயாகப் போகிறவளை விடத் தந்தையாகப் போகிறவனின் ஆயத்தமின்மையே படத்தின் நடுவில் வைக்கப்பட்டுள்ளது. படத்தின் வெற்றிக்கும் அதன் மீது எழுந்த கண்டனத்திற்கும் இதுவே காரணமாயிற்று.

பெயர்

அமெரிக்கப் பேச்சு வழக்கில் இத்தொடர், எதிர்பாராமல் கருவுற்ற பெண்ணைக் குறிக்கும் சற்றே கொச்சையான சொல்லாகும். பழைய பிரித்தானிய ஆங்கிலத்தில் இதற்குக் கதவைத் தட்டி எழுப்புதல் என்ற பொருளும் உண்டு. படத்தின் தலைப்பு முதற்பொருளையே கொண்டது.

கதைச்சுருக்கம்

எச்சரிக்கை: கதையும் முடிவும் கீழே தரப்பட்டுள்ளன.

அலிசன் ஸ்காட் (கேத்தரின் ஹைகல்) ஈ! என்ற பொழுதுபோக்குத் தொலைக்காட்சியில் திரைக்குப் பின்னால் பணிபுரிபவள். நிகழ்ச்சியில் தோன்றும் பதவி உயர்வு கிடைத்ததைக் கொண்டாட அக்கா டெபியுடன் இரவு விடுதிக்குச் செல்கிறாள். அங்கு பென் ஸ்டோனைச் சந்திக்கிறாள். கனடாவைச் சேர்ந்த பென், அஞ்சல் துறை வண்டி மோதியதற்குக் கிடைத்த 14,000 டாலர் இழப்பீட்டில் காலம் தள்ளுபவன். நண்பர்களுடன் ஒரே வீட்டில் கஞ்சா புகைத்துக்கொண்டு, நடிகைகளின் ஆடையற்ற காட்சிகளைத் தொகுக்கும் இணையத்தளம் ஒன்றைத் தொடங்கும் கனவில் இருக்கிறான். அன்றிரவு குடிமயக்கத்தில், அலிசன் சொன்ன ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு ஆணுறையை விட்டுவிடுகிறான். மறுநாள் காலை இருவரும் பிரிகின்றனர்.

எட்டு வாரங்கள் கழித்து, நடிகர் ஜேம்ஸ் பிராங்கோவைப் பேட்டி காணும்போது அலிசனுக்குக் குமட்டல் ஏற்படுகிறது. கருவுற்றிருப்பது உறுதியாகிறது. கலைத்துவிடும்படி தாய் அறிவுறுத்துகிறாள். அலிசன் குழந்தையைப் பெற்றுக்கொள்ள முடிவு செய்கிறாள். பென்னின் தந்தையோ (ஹரோல்ட் ராமிஸ்), தன் வாழ்வில் நேர்ந்தவற்றுள் சிறந்தது மகன்தான் என்று கூறி அவனுக்குத் துணிவூட்டுகிறார். ஒருவரை ஒருவர் அறியாத இருவரும் பழகிப் பார்க்கத் தொடங்குகின்றனர்.

பென் நல்லவன், ஆனால் எதையும் செய்து முடிப்பவன் அல்லன். குழந்தை வளர்ப்பு நூல்களை வாங்குகிறான், படிப்பதில்லை. நிலநடுக்கம் வந்தபோது அவன் முதலில் காப்பாற்றியது கஞ்சா புகைக்கும் குழலை. மருத்துவரிடம் செல்லும் வழியில் வெடிக்கும் சண்டையில் அலிசன் அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டுச் செல்கிறாள். பின்னர் அவன் இணையத்தள வடிவமைப்பு வேலையில் சேர்கிறான், தனி வீடு பார்க்கிறான், குழந்தைக்கான அறையை ஒழுங்குபடுத்துகிறான், நூல்களைப் படிக்கிறான். பேறு நேரத்தில் அவர்களுடைய மருத்துவர் ஊரில் இல்லை. அலிசன் பென்னை அழைக்கிறாள். மருத்துவமனையில் டெபியை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பென்னே உடனிருக்கிறான். பெண் குழந்தை பிறக்கிறது.

இரண்டாவது இணை

டெபிக்கும் அவளது கணவன் பீட்டுக்கும் (பால் ரட்) இரண்டு பெண் குழந்தைகள். வெளிப்பார்வைக்கு இவர்களின் கதை கிளைக்கதை போல் தோன்றினாலும், படத்தின் கனமான பகுதி இதுவே எனலாம். அலிசனுக்கும் பென்னுக்கும் எதிர்காலம் எப்படி இருக்கும் என்பதற்கு அக்கா வீட்டைத் தவிர வேறு முன்மாதிரி இல்லை. அந்த வீட்டில் அன்பு உண்டு, அமைதி இல்லை. பீட் இரவில் காணாமற்போவதால் வேறு பெண்ணுடன் தொடர்பு என்று டெபி ஐயுறுகிறாள். பின்தொடர்ந்து சென்று பார்த்தால், அவன் நண்பர்களுடன் கற்பனைப் பேஸ்பால் அணிக்கு வீரர்களைத் தேர்ந்துகொண்டிருக்கிறான். தன்னந்தனியே திரைப்படம் பார்க்கச் சென்றதையும் ஒப்புக்கொள்கிறான். வேறு பெண்ணிடம் சென்றிருந்தால் கூடப் பொறுக்கலாம், தன்னிடமிருந்து தப்பித்துச் செல்வதைப் பொறுக்க இயலாது என்பதே அவளது வலி. தந்தையாகி ஆண்டுகள் சென்ற பின்னும் ஒருவன் வீட்டிற்குள் முழுமையாக வராமல் இருக்க முடியும் என்பதைப் பென் இவ்விடத்தில் காண்கிறான்.

பின்பு டெபியும் அலிசனும் இரவு விடுதி ஒன்றில் நுழைய முயல, வாயிற்காவலர் (கிரெய்க் ராபின்சன்) ஒருத்தி முதியவள் என்றும் மற்றவள் கருவுற்றவள் என்றும் மறுத்துவிடுகிறார். கதை தொடங்கியதும் ஒரு விடுதியில்தான் என்பதை நினைவுகூர்ந்தால் இக்காட்சியின் கசப்பு விளங்கும்.

தயாரிப்பு

த 40 இயர் ஓல்ட் வர்ஜின் (2005) என்ற படத்திற்குப் பின் அபடோவ் இயக்கிய இரண்டாவது திரைப்படம் இது. டெபியாக நடித்த லெஸ்லி மான் இயக்குனரின் மனைவி. டெபியின் மகள்களாக வருபவர்கள் அவர்களின் சொந்த மகள்களான மாட், ஐரிஸ். பென்னின் நண்பர்களாக நடித்த ஜேசன் சீகல், ஜே பருச்செல், ஜோனா ஹில், மார்ட்டின் ஸ்டார் ஆகியோரின் பாத்திரங்களுக்கு அவரவர் முதற்பெயர்களே சூட்டப்பட்டன. இவர்களிற் சிலர் அபடோவின் பழைய தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தவர்கள். உரையாடல் எழுதி வைத்தது போலன்றி அரட்டை போல் ஒலிப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

அலிசன் வேடத்திற்கு முதலில் ஆன் ஹாத்வே தேர்வு செய்யப்பட்டிருந்தார். உண்மையான மகப்பேற்றுக் காட்சியைப் பயன்படுத்தும் எண்ணம் கதைக்குத் தேவையற்றது என்று கருதி அவர் விலகினார். பேற்றுக் காட்சி முடிவில் நடிப்பாகவே எடுக்கப்பட்டது. எனினும் வழக்கமான நகைச்சுவைப் படங்கள் மறைப்பதை இது ஒளிவின்றிக் காட்டியது. அக்காட்சியில் எரிந்து விழும் மருத்துவராகத் தோன்றும் கென் ஜியோங் உண்மையிலேயே மருத்துவர். இதுவே அவரது முதல் திரைப்படம். ஊரில் இல்லாத மருத்துவராக வரும் பாடகர் லூடன் வெயின்ரைட், ஜோ ஹென்றியுடன் சேர்ந்து படத்திற்கு இசையும் அமைத்தார்.

முந்தைய படங்களுடன் ஒப்பீடு

தந்தையாதலை அஞ்சும் நாயகன் புதியவன் அல்லன். ஹியூ கிராண்ட் நடித்த நைன் மந்த்ஸ் (1995), அதற்கு மூலமான 1994 ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் திரைப்படம் ஆகியவை இதே பொருளைக் கையாண்டன. ஆனால் நைன் மந்த்ஸ் நாயகன் வீடும் தொழிலும் விலையுயர்ந்த மகிழுந்தும் உடைய குழந்தை உளவியலாளன். குழந்தையால் வசதி குறையுமே என்பது அவன் கவலை. பென்னிடம் விட்டுக்கொடுக்க வசதி எதுவும் இல்லை. அவன் இழக்க வேண்டியது நண்பர்களுடன் வீணே கழியும் பொழுதை மட்டுமே. அதையே இழப்பது எவ்வளவு கடினம் என்று காட்டியதில்தான் படத்தின் நகைச்சுவை அடங்கியுள்ளது.

வரவேற்பும் கண்டனமும்

படம் 2007 சூன் 1 அன்று அமெரிக்காவில் திரைக்கு வந்தது. சுமார் 3 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட இப்படம் உலக அளவில் ஏறத்தாழ 22 கோடி டாலர் ஈட்டியது. அமெரிக்கத் திரைப்படக் கழகம் அவ்வாண்டின் சிறந்த பத்துப் படங்களுள் ஒன்றாக இதனைத் தேர்ந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்க விருதுக்கும் திரைக்கதை பரிந்துரைக்கப்பட்டது.

கருக்கலைப்பு குறித்த உரையாடலைப் படம் விரைந்து கடந்துவிடுகிறது என்று பலர் குறை கூறினர். பென்னின் நண்பன் ஒருவன் அச்சொல்லையே சொல்ல அஞ்சி, அதற்கு ஒலியொத்த வேறு சொல்லைக் கூறும் காட்சி இக்கண்டனத்தில் அடிக்கடி சுட்டப்பட்டது. திட்டமிடாத கருவுறுதலைப் பொருளாகக் கொண்ட வெயிட்ரஸ், ஜூனோ ஆகிய படங்களும் 2007 இலேயே வந்தமையால் விவாதம் மேலும் வலுத்தது.

மற்றொரு கண்டனம் படத்தின் நாயகியிடமிருந்தே வந்தது. பெண்களைச் சிடுசிடுப்பும் இறுக்கமும் உடையவர்களாகவும், ஆண்களை அன்புக்குரிய விளையாட்டுப் பிள்ளைகளாகவும் காட்டுவதால் படம் சற்றே பெண்களைக் குறைத்து மதிப்பிடுகிறது என்று ஹைகல், 2008 சனவரி வேனிட்டி ஃபேர் இதழில் கூறினார். இது அவருக்கும் படக்குழுவினருக்கும் இடையே நீண்ட மனக்கசப்பை விளைவித்தது. அவரது கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. பென் மாறுவதற்குப் படம் ஒன்பது மாதம் தருகிறது. அலிசன் முதற்காட்சியிலேயே பொறுப்புள்ளவளாக இருந்தாக வேண்டியுள்ளது. அவன் வளர்வதைப் பார்க்கிறோம். அவள் காத்திருப்பதைப் பார்க்கிறோம். விடுதி வாசற் காட்சியும், கருவுற்றதைத் தொலைக்காட்சி நிறுவனத்திடம் அவள் மறைக்கும் காட்சிகளும் இதற்கு ஓரளவே விதிவிலக்கு.

தொடர்ச்சி

பீட், டெபி இணையின் வாழ்க்கையைத் தொடரும் திஸ் இஸ் 40 என்ற படத்தை அபடோவ் 2012 டிசம்பரில் வெளியிட்டார். அவ்விரு சிறுமியரும் அதில் வளர்ந்தவர்களாக வருகின்றனர். பென்னும் அலிசனும் அதில் தோன்றவில்லை.