எல்லை முகாம்களில் இளைஞரும் போதையும்

போரினால் வீடிழந்த மக்கள் அயல்நாட்டிற் புகல் அடைந்தபின், அவர்தம் இளைஞரிடையே மதுவும் போதைப் பொருளும் பரவுவதைப் பலரும் ஒழுக்கக்கேடு என்று கூறி அமைவர். அக்கூற்று வரலாற்றொடு பொருந்துமா என்பதைத் தாய்லாந்து–பர்மா எல்லை முகாம்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கரேன் மக்களின் கிளர்ச்சி 1949-இல் தொடங்கியது. 1984-இல் பர்மியப் படை எல்லையருகே நிலைகொண்டதனால் மக்கள் திரளாகத் தாய்லாந்திற் புகுந்தனர். நாளடைவில் ஒன்பது முகாம்கள் நிலைபெற்றன. அவற்றுள் பெரியது மேலா. தாய்லாந்து 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. முகாமில் வாழ்ந்தோர்க்கு இசைவின்றி வெளியே செல்லவும் கூலிவேலை செய்யவும் சட்டம் இடந்தரவில்லை. உணவைப் பிறர் அளித்தனர், பள்ளிகளும் நடந்தன. ஆயின், பள்ளி முடித்த இளைஞன் அடுத்து யாது செய்வான் என்னும் வினாவிற்கு விடை இல்லை.

இவ்வெறுமையிற் புகுந்தவை இரண்டு. ஒன்று, அரிசியிலிருந்து வடிக்கும் சாராயம். சடங்கிலும் விருந்திலும் வழங்கிய மது, உழுவதற்கு வயலில்லாத இடத்தில் சிலர்க்கு நாள்தோறும் அருந்தும் பொருளாயிற்று. மற்றொன்று, பர்மாவின் ஷான் மாநிலத்திற் செய்யப்பட்ட மெத்தாம்பெட்டமைன் மாத்திரை. உறக்கமின்றி உழைக்க வேண்டி லாரி ஓட்டுநரும் கூலியாட்களும் விழுங்கிய அதனைத் தாய்லாந்து மக்கள் 'யா மா' என்றனர். 'குதிரை மருந்து' என்பது பொருள். 1996-இல் அரசு அதனை 'யா பா', அதாவது 'பித்து மருந்து', எனப் பெயர் மாற்றியது. பெயர் இழிந்தது, வாணிகம் குறையவில்லை. 2003-இல் அரசு போதைப் பொருள்மீது போர் தொடுத்தது. மூன்று திங்களில் 2,000-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னரும் மாத்திரைகள் எல்லை கடந்து வந்தன. அச்சம் மருந்தாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மற்றொரு வழியும் அங்கேயே தோன்றிற்று. 2000-இல் தொடங்கிய 'டேர் நெட்வொர்க்' என்னும் அமைப்பு, முகாம் மக்களையே பணியாளராக்கியது. மூலிகை, காதில் ஊசி குத்தும் மருத்துவம் முதலியவற்றால் அடிமைப்பட்டோரை மீட்டதோடு, குடும்பத்தாரையும் இளைஞரையும் நாடி முன்னரே அறிவுறுத்தியது. 2008-இல் ஐ.நா. அகதிகள் ஆணையமும் உலக நலவாழ்வு நிறுவனமும் இத்தகைய இடங்களில் மது, போதைப் பழக்கங்களை ஆராயும் முறைக்கென ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டன.

வேலையின்மையே காரணமாயின் முகாம் இளைஞர் அனைவரும் வீழ்ந்திருக்க வேண்டுமன்றோ எனச் சிலர் வினவலாம். பெரும்பாலோர் வீழ்ந்திலர் என்பது உண்மையே. குடும்பமும் ஆசிரியரும் வழிபாட்டிடமும் அவர்க்கு அரணாயின. ஆயினும், போரின் துயர நினைவும் நாளையின் இருளும் ஒருங்கே தாக்கும்போது, அவ்வரண் எல்லார்க்கும் போதவில்லை. தனிமனித ஒழுக்கத்தை மட்டும் பழிப்போர், இளைஞனைச் சூழ்ந்த வேலியைக் காணாது விடுகின்றனர்.

ஆதலின், தம்மவர் தம் மொழியிற் கூறும் அறிவுரை, பரிவுடைய மருத்துவம், சட்டம் இசையும் உழைப்பு ஆகிய மூன்றும் இணைந்ததே உண்மையான தடுப்பு என்பது எம் துணிபு. முதலிரண்டும் முகாமிலேயே முளைத்தன. மூன்றாவது அரசின் கையில் இருந்தது. முகாம்களில் நெடுங்காலம் வாழ்ந்தோர் சட்டப்படி வேலை செய்யத் தாய்லாந்து அமைச்சரவை 2025 ஆகஸ்டில் இசைந்தது. வெளிநாட்டு உதவி சுருங்கிய பின்னரே அவ்விசைவு பிறந்தது. 1984-இல் தாயின் தோளில் எல்லை கடந்த குழந்தை, அதற்குள் நாற்பது வயதைக் கடந்துவிட்டது.