வீடு பூட்டியிருந்தால் மின் கட்டணம் எப்படிப் போடுவார்கள்? மலை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜவ்வாது மலையில் சாமை அறுவடை முடிந்ததும் பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் வேலைக்குப் போய்விடுகின்றன. திரும்பி வந்து பார்த்தால் மின் கட்டணம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு ஏறியிருக்கும். ஜமுனாமரத்தூர், புதூர்நாடு பக்கம் பயிற்சிக்கு வரும்போது, பயிரைப் பற்றிக் கேட்ட கையோடு மீட்டர் அட்டையையும் நீட்டுகிறார்கள். அதனால் இந்த முறை பூச்சி, உரம் இல்லை. மின் அளவு பற்றி எழுதுகிறேன்.

முதலில் பம்புசெட். இலவச விவசாய இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மோட்டாரின் குதிரைத்திறனைக் கணக்கில் வைத்து அரசே மின்வாரியத்துக்கு மானியம் கட்டுகிறது. நாம் பார்க்க வேண்டியது வீட்டு இணைப்பையும், சாமை அரைவை மில் போன்ற இணைப்புகளையும்தான்.

வீட்டு மீட்டரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவு எடுக்கிறார்கள். கணக்கீட்டாளர் வரும் நாளில் மீட்டரைப் பார்க்க முடியாவிட்டால், முந்தைய முறை வந்த தொகையையே தற்காலிகமாகப் போடுவார்கள். அடுத்த முறை உண்மையான அளவு கிடைத்ததும் அதை நேர் செய்ய வேண்டும். இந்த நேர் செய்யும் இடத்தில்தான் கவனம் தேவை.

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும். 2022 செப்டம்பர் 10 முதல் வந்த பட்டியலில் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50. அதன்பின் விலை கூடியிருக்கிறது, ஆனால் படிக்கட்டு முறை மாறவில்லை. ஒரு வீட்டில் நான்கு மாதத்துக்குச் சேர்த்து 360 யூனிட் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் 180 யூனிட். இலவசம் போக 80 யூனிட்டுக்கு ரூ.180, இரண்டு பாதிக்கும் ரூ.360. அதே 360 யூனிட்டை ஒரே கணக்காகப் போட்டால் இலவச 100 ஒருமுறைதான் கிடைக்கும், மேல் படியிலும் 160 யூனிட் ஏறிவிடும். தொகை ரூ.945. மின்சாரம் ஒன்றுதான், வித்தியாசம் ரூ.585! மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் இன்னும் மோசம். 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கே ரூ.4.50 ஆகிவிடும்.

பிரித்துப் போடும் முறை புதிதல்ல. 2020 ஊரடங்கில் கணக்கீட்டாளர்கள் வீடுகளுக்கு வர முடியாதபோது, முந்தைய தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு அளவு எடுத்தபோது நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதிக்கும் 100 யூனிட் இலவசம் தந்து, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். பணத்தைக் கழித்தால் போதாது, அந்தப் பணத்துக்குரிய யூனிட்டைத்தான் கழிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போனது. மின்வாரியத்தின் கணக்கை ஏற்று, 2020 ஜூலையில் வழக்கைத் தள்ளுபடி செய்தது நீதிமன்றம். ஆகவே யூனிட் கழியவில்லையே என்று வாதாடிப் பயனில்லை. இரண்டாகப் பிரித்தார்களா, கட்டிய பணம் கழிந்ததா என்று மட்டும் பாருங்கள்.

மீட்டர் பழுதாகி நின்றுபோனால் கணக்கு வேறு. தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு, 2004-இன் 11-வது விதிப்படி, பழுதுக்கு முந்தைய நான்கு மாதங்களின் சராசரியை எடுப்பார்கள். நம்மைப் போன்ற பருவத் தொழில்காரர்களுக்கு இதில் ஒரு முக்கியமான வாசகம் இருக்கிறது. பலருக்கும் இது தெரிவதில்லை. அந்த நான்கு மாதமும் மீட்டர் நின்ற காலமும் பயன்பாட்டில் ஒன்றுபோல இருந்திருக்க வேண்டும். சாமை அரைவை மும்முரமாக நடந்த நான்கு மாதத்தின் சராசரியை, மில் சும்மா கிடந்த மாதங்களுக்குப் போடக் கூடாது. பழுதுக்கு முந்தைய 12 மாதங்களில் அதேபோல் வேலை நடந்த தொடர்ச்சியான நான்கு மாதங்களைத்தான் எடுக்க வேண்டும். அப்படி மாதங்களே அமையாவிட்டால், பொருத்தியிருக்கும் மின்சுமையையும் ஓடிய நேரத்தையும் வைத்துப் பொறியாளர் மதிப்பிடுவார். மில் எந்தெந்த நாளில் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் அப்போது அதுதான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

வெளியூர் கிளம்பும் முன் மீட்டரை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். டிஜிட்டல் மீட்டரில் பல எண்கள் மாறி மாறி வரும், கே.டபிள்யூ.எச். என்று காட்டும் எண்தான் யூனிட். 2021 மே மாத ஊரடங்கில் நுகர்வோரே இப்படிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப மின்வாரியம் இடம் கொடுத்தது. இப்போதும் தேதியோடு உள்ள படம் பேச்சுக்கு வலு சேர்க்கும். மீட்டர் வீட்டுக்குள் இருந்தால் திண்ணைப் பக்கம் மாற்றித் தரும்படி விண்ணப்பிப்பது இன்னும் நல்லது; வீடு பூட்டியிருந்தாலும் அளவு எடுக்கலாம்.

தொகை தவறு என்று தோன்றினால் கெடு நாள் வரை காத்திருக்காதீர்கள். அளவு எடுத்த நாளிலிருந்து 20 நாள்தான் அவகாசம். அட்டை, கட்டிய ரசீதுகள், படம் ஆகியவற்றோடு பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மலையிலிருந்து இறங்க முடியாதவர்கள் மின்னகம் 94987 94987 எண்ணில் புகாரைப் பதியலாம். சராசரிக் கணக்கில் உடன்பாடு இல்லையென்றால் அடுத்த நிலை அதிகாரியிடமும், அதன்பின் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்திலும் முறையிடலாம்.