மேற்கோளின் முகவரி

பழைய உரைகளைப் புரட்டுகிறவர்களுக்கு "என்றார் பிறரும்" என்ற தொடர் நன்றாகப் பழகியிருக்கும். உரையாசிரியர் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்வார். அதற்குத் துணையாக எங்கிருந்தோ ஓர் அடியைக் கொண்டுவந்து வைப்பார். "என்றார் பிறரும்" என்று முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். அந்தப் பிறர் யார், எந்த நூல், எத்தனையாவது பாட்டு என்பதெல்லாம் இருக்காது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டவர்களுக்கு அந்த நூல்கள் மனப்பாடம்; அடியைச் சொன்னாலே ஊரும் பேரும் தெரிந்துவிடும். நம் தெருவுக்குள் "மாடி வீட்டுக்காரர்" என்று சொன்னால் போதாதா, கதவு எண் எதற்கு? ஆனால் தெருவே காலியாகிப் போன பிறகு வருகிறவன் என்ன செய்வான்?

அப்படி வந்தவர்தான் உ.வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று ஐயரைக் கேட்டதும், அதற்குப் பிறகு ஐயர் வாழ்க்கையே திசைமாறியதும் நாமெல்லாம் அறிந்த கதை. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தது. ஆனால் உரை முழுக்க முகவரி இல்லாத மேற்கோள்கள். சமண மரபுச் செய்திகள் புரியாத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டார்; சந்திரநாத செட்டியார் போன்றவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் வீடுகளில் சிந்தாமணி அப்போதும் வாசித்துக் கேட்கும் நூலாகவே இருந்தது. ஆனால் அந்த மேற்கோள் அடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்ற கேள்விக்கு அவர்களிடமும் விடை கிடைக்கவில்லை. பிறகு திருவாவடுதுறை மடத்து ஏடுகளைப் பிரித்துப் பார்க்கும்போது எட்டுத்தொகையிலும் பத்துப்பாட்டிலும் அந்த அடிகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கின. சிந்தாமணி 1887இல் அச்சாயிற்று, பத்துப்பாட்டு 1889, புறநானூறு 1894. ஒரு மேற்கோளின் சொந்த ஊரைத் தேடிப் போனவருக்குச் சங்க இலக்கியமே கிடைத்தது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு அல்ல.

ஐயர் தம் பதிப்புகளில் செய்த காரியத்தையும் பார்க்க வேண்டும். எந்த ஏடு யாரிடமிருந்து வந்தது என்பதை முகவுரையில் பெயர் சொல்லி எழுதினார். பாடபேதங்களைக் கொடுத்தார். மேற்கோள்களுக்கு இடம் கண்டு குறித்தார். நச்சினார்க்கினியர் விட்டுப்போன முகவரியை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து இவர் எழுதிச் சேர்த்தார்.

நான் தில்லி சாவ்ரி பஜாரில் காகிதம் விற்பவன். கல்லூரிப் பட்டம் கிடையாது. கடையை மூடிய பிறகு படித்த படிப்புத்தான். பூர்வீகம் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம் என்பதால், தமிழ்ச் சமண வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிற பிள்ளைகள் என்னிடம் உள்ள பழைய புத்தகங்களைப் பார்க்க வருவதுண்டு. அவர்கள் கொண்டுவரும் இயல்களைப் படித்துப் பார்த்ததில் ஏற்பட்ட கவலைதான் இந்தக் கட்டுரை.

கவலை திருட்டைப் பற்றியது அல்ல. திருட்டுக்குச் சட்டம் வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகளில் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு நிறுத்தம். அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. முறையாக மேற்கோள் காட்டிய பகுதிகளைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். பொதுவாக வழங்கும் தொடர்கள் தற்செயலாக ஒத்துப்போனால் 14 சொல் வரை மன்னிப்பு உண்டு. (14 சொல் என்றால் நம் கணக்கில் இரண்டு குறள்!) இதையெல்லாம் சரிபார்க்க மென்பொருள் இருக்கிறது. அதனால் பிள்ளைகள் சதவீதத்துக்குப் பயப்படுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் மென்பொருள் பார்ப்பது சொல் ஒத்திருக்கிறதா என்பதை மட்டும். போட்டிருக்கிற முகவரி உண்மையா என்று அது போய்க் கதவைத் தட்டுவதில்லை.

நான் பார்க்கிற குறை இதுதான். மாணவர் படித்தது 1990களில் வந்த ஒரு புத்தகம். அந்தப் புத்தகம் அடிக்குறிப்பில் ஒரு கல்வெட்டுத் தொகுதியைச் சுட்டுகிறது. மாணவர் நடுவில் உள்ள புத்தகத்தை மறைத்துவிட்டு, தாமே கல்வெட்டுத் தொகுதியைத் திறந்து பார்த்தது போலக் குறிப்பு எழுதிவிடுகிறார். "அங்கிள், தொகுதி எண், பக்க எண் எல்லாம் சரியாக இருக்கிறதே, போதாதா?" என்று ஒரு பெண் கேட்டாள். போதாது அம்மா. நான் காகிதம் வாங்குவது மொத்த வியாபாரியிடம். அவர் வாங்குவது ஆலையில். ஜிஎஸ்டி கணக்கில் ஆலையின் பில்லைக் காட்டி நான் வரவு கேட்டால் அதிகாரி ஒப்புவாரா? எனக்கு விற்றவர் பெயரில் பில் வேண்டும். அந்த மொத்த வியாபாரி கணக்கில் தப்பு இருந்தால் அதைப் பிடிப்பதற்கும் அதுதான் வழி. இன்னார் நூலில் எடுத்துக்காட்டியபடி என்று இருவர் பெயரையும் போட்டால் மானம் போய்விடாது. பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும் சொல்வதற்கு என்ன கூச்சம்?

கல்வெட்டு விஷயத்தில் இந்தத் தப்பு எப்படி வெளிப்படுகிறது என்றால், எண்களில். ஆண்டறிக்கையில் ஒரு கல்வெட்டுக்கு அந்த ஆண்டில் படியெடுத்த வரிசைப்படி ஓர் எண் உண்டு. பிறகு தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் பாடம் அச்சாகும்போது அங்கே வேறு எண். தொகுதியில் இரண்டையும் சேர்த்தே போட்டிருப்பார்கள். அதைக் கண்ணால் பார்க்காதவர் ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதுவார். கல்வெட்டு எண்ணைப் பக்க எண் ஆக்குவார். அடுத்தவர் அதை அப்படியே எடுப்பார். இன்று ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏறிவிடுவதால் நான் கடையில் இருந்தபடியே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக ஏடுகளைப் படிக்கிறேன். பெரிய வசதி. அதில் ஒரே தப்பு எண் ஆய்வேடு ஆய்வேடாகக் குடிபெயர்ந்து போவதையும் பார்க்கிறேன்.

பதிப்பு ஆண்டிலும் இதே சங்கடம். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் தமிழில் உள்ள சமண இலக்கியம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1941இல் ஆராவிலிருந்து வெளிவந்தது. 1974இல் பாரதிய ஞானபீடம் அதை மறுபடி வெளியிட்டபோது கே.வி. ரமேஷ் முன்னுரை, அடிக்குறிப்பு, பின்னிணைப்பு எல்லாம் சேர்த்தார். ரமேஷ் கல்வெட்டறிஞர், தம் கருத்தைத் தம் குறிப்பில் சொல்கிறார். மாணவர்கள் அதையும் சக்கரவர்த்தி தலையில் கட்டி 1941 என்று ஆண்டு போடுகிறார்கள். முப்பது வருடத்துக்குப் பின்னால் வந்த கருத்து முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டனர் என்ற செய்தி. எத்தனையோ ஆய்வுகளில் இது நடந்த நிகழ்ச்சியாகவே வருகிறது. அடிக்குறிப்பில் ஒரு நவீனப் புத்தகம் இருக்கும். அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அதற்கு முந்தைய புத்தகம். படி இறங்கிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணமும், அதற்குச் சற்று முந்தைய நம்பியாண்டார் நம்பி பாடலும். சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு. இடையே பல நூற்றாண்டு. அக்காலக் கல்வெட்டு ஒன்றும் இதைச் சொல்லவில்லை. இது கதையே தவிர வரலாறு அல்ல என்றே நீலகண்ட சாஸ்திரியார் தீர்ப்புச் சொன்னார். கீழக்குயில்குடி சமணர் மலையில் 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துகள் சமணர் அங்கே தொடர்ந்து இருந்ததைக் காட்டுகின்றன. ஆகவே "பெரியபுராணம் கூறுகிறது" என்று எழுதினால் அது உண்மை. "இன்ன பேராசிரியர், பக்கம் இத்தனை" என்று எழுதினால் புராணம் வரலாறாகிவிடுகிறது. இதில் சைவருக்கும் மரியாதை இல்லை, செத்ததாகச் சொல்லப்படுகிறவர்களுக்கும் மரியாதை இல்லை.

எங்கள் பக்கமும் இது உண்டு, மறைப்பானேன். திருக்குறள் ஆசிரியர் குந்தகுந்தாசாரியரே என்று சமண விழா மலர்களில் முடிந்த முடிபாக எழுதுகிறார்கள். அது சக்கரவர்த்தி நயினார் எடுத்துவைத்த வாதம். அவர் பெயரைச் சொல்லி, அவர் காட்டும் காரணங்களைச் சொல்லி எழுதட்டும். படிப்பவர் எடை போட்டுக்கொள்வார். பெயரை எடுத்துவிட்டால் எடை போட வழியில்லை. இதைச் சொன்னதற்கு உறவினர் சிலர் என் மேல் கோபமாக இருக்கிறார்கள், அது கிடக்கட்டும்.

மேற்கோள் முறை மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்றும் சிலர் பேசுகிறார்கள். நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரித்தது நன்னூல். ஒரு நூல் இன்னொன்றுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதுதான் அந்தப் பிரிவின் அடிப்படை. முன்னோர் பொருளை மட்டுமல்ல, அவர் சொல்லையே மாற்றாமல் எடுத்து வைப்பதற்கும் பவணந்தியார் பாயிரத்தில் காரணம் சொல்கிறார்: நாங்கள் புதிதாக வேறு நூல் செய்துவிட்டோம் என்ற எண்ணம் எங்களுக்கு இல்லை என்று காட்டுவதற்காக. இதைவிட நேர்மையாக யார் சொல்ல முடியும்?

முகவரி எழுதிவைத்ததால் பிழைத்த நூல்களும் உண்டு. வளையாபதி ஏடு இன்று இல்லை. குண்டலகேசி ஏடும் இல்லை. கிடைத்த செய்யுள்களில் பெரும்பகுதி புறத்திரட்டு தந்தவை. தொகுத்த புண்ணியவான் இது இன்ன நூல் என்று பெயரைக் குறித்து வைத்தார். இல்லாவிட்டால் அவை அனாதைப் பாட்டுகள். குண்டலகேசி பௌத்த நூல். அதை மறுக்கவே எழுந்தது எங்கள் நீலகேசி. அதன் உரைகாரர் சமயதிவாகர வாமன முனிவர் எதிரியின் வாசகத்தை எடுத்துக்காட்டி மறுக்கிறார். எதிராளி என்பதற்காகப் பெயரை விழுங்கவில்லை. சக்கரவர்த்தி நயினார் 1936இல் நீலகேசியை அச்சிட்டபோது, காணாமற்போன அந்தப் பௌத்த நூலின் துணுக்குகளும் வெளிச்சத்துக்கு வந்தன.

நடைமுறைக்கு இரண்டொரு வார்த்தை. மேல்நாட்டு விதிப்புத்தகங்கள் குடும்பப்பெயரை முதலில் கேட்கின்றன. நமக்கு ஏது குடும்பப்பெயர்? மயிலை சீனி. வேங்கடசாமியை ஒரு பட்டியலில் மயிலையிலும், ஒன்றில் சீனியிலும், ஒன்றில் வேங்கடசாமியிலும் கண்டேன். மூன்று ஆள் என்று பேரப்பிள்ளைகள் நினைக்கப் போகிறார்கள். இயற்பெயரில் வரிசைப்படுத்தி, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பழைய நூல்களில் பிரபவ, விபவ என்று வருடப் பெயர் மட்டும் இருந்தால் அதையும் எழுதி, நீங்கள் கணக்கிட்ட ஆங்கில ஆண்டையும் பக்கத்தில் கொடுங்கள். அறுபது வருடச் சக்கரம், ஒரு சுற்றுத் தவறினால் தாத்தா பேரனாகிவிடுவார்.

நேரில் போய்ப் பார்த்ததையும் குறிக்க வேண்டும். செஞ்சி அருகே திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் செதுக்கிய பாறை இருக்கிறது. அந்தக் குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டு ஒன்று. இளையபட்டாரர் 30 நாள் நோன்பிருந்ததைச் சொல்லும் பிற்காலத்தது இன்னொன்று. "செஞ்சிப் பக்கத்து நோன்புக் கல்வெட்டு" என்று மட்டும் எழுதுகிறவர்கள் ஒருவர் பெயரோடு மற்றவர் நாள் கணக்கைச் சேர்த்துவிடுகிறார்கள். பாறை ஏறுகிறவர் எந்தக் கல்வெட்டு, எந்த இடம், எந்தத் தேதியில் பார்த்தோம் என்பதை அங்கேயே நின்று எழுதிக்கொள்ளட்டும்; கீழே இறங்கி வந்தால் வெயிலில் பாதி மறந்துவிடுகிறது.