புள்ளியில் எஞ்சிய நடனம்

டி-ஷர்ட்டின் நெஞ்சில் ஓர் அக்கார்டியன் படம். அதன்கீழ் ஓர் ஊரின் பெயர். அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் நடக்கும் போல்கா விழாக்களில் இத்தகைய பருத்தி உடைகளைக் காணலாம். மலிவான நினைவுப் பொருள் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் துணிக்கும் போல்காவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

போல்கா பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், 1830களில் தோன்றிய இரட்டைத் தாள நடனம். 'பாதி' எனப் பொருள்படும் செக் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பர். போலந்துப் பெண்ணைக் குறிக்கும் சொல்லே என்பாரும் உளர். ஒரு பணிப்பெண் தன்போக்கில் ஆடியதைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் குறித்துக்கொண்டார் என்றொரு கதையும் அங்கே வழங்குகிறது. கதை இத்தனை அழகாக இருப்பதே எனக்கு ஐயத்தைத் தருகிறது. 1840இல் பாரிஸ் மேடையேறிய அந்நடனம், 1844க்குள் அந்நகரையும் லண்டனையும் பித்துப்பிடிக்கச் செய்தது.

வணிகர்கள் சும்மா இருப்பார்களா? விற்கவேண்டிய பொருளுக்கெல்லாம் போல்கா என்று பெயர் சூட்டினார்கள். போல்கா தொப்பி வந்தது. பெண்கள் அணியும் இறுக்கமான போல்கா ஜாக்கெட் வந்தது. 1850களில் அமெரிக்கப் பெண்கள் இதழொன்றில் புள்ளி போட்ட துணிக்கும் அப்பெயர் ஏறியது. வட்டப் புள்ளிகளுக்கும் அந்த ஆட்டத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் மற்றவை மறைந்தன, புள்ளி மட்டும் நிலைத்தது. நம் ஜவுளிக்கடைகளிலும் 'போல்கா டாட்' என்றால் எடுத்துப் போடுகிறார்கள். மராத்தியில் ரவிக்கைக்கே 'போல்கா' என்று பெயர். அது அந்த ஜாக்கெட்டின் எச்சம் என்பது என் ஊகம். நாம் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டோம், அவர்கள் அடைமொழியை எடுத்துக்கொண்டார்கள் போலும்!

ஐரோப்பிய நடன அரங்குகள் போல்காவைக் கைவிட்ட பின்னும், கப்பலேறிய குடியானவர்களும் தொழிலாளர்களும் அதைக் கைவிடவில்லை. அமெரிக்காவில் அது ஊருக்கு ஊர் வேறு முகம் கொண்டது. கிளீவ்லாந்தில் ஸ்லோவேனியர்களின் அக்கார்டியனும் பாஞ்சோவும். சிகாகோவில் போலந்துக்காரர்களின் ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும். டெக்சாஸில் ஜெர்மானிய, செக் குடியேறிகளிடமிருந்து மெக்சிக வம்சாவளியினர் அக்கார்டியனைப் பெற்று 'கொன்ஹுந்தோ' இசையை உருவாக்கினர். அரிசோனாவின் தொஹோனோ ஓஓதாம் பழங்குடியினர் அதே தாளத்தை 'வைலா' என்று தமதாக்கிக்கொண்டனர். இதில் எவருடையது மரபு என்று கேட்டால் விடை சொல்வது எளிதன்று.

கிளீவ்லாந்தில் வளர்ந்த ஃபிராங்கி யாங்கோவிக் (1915-1998) இரண்டாம் உலகப் போரில் கடுங்குளிரால் கைகால்கள் உறைந்து மருத்துவமனையில் கிடந்தார். அவற்றை வெட்டிவிட வேண்டும் என்றனர் மருத்துவர்கள். அவர் இசையவில்லை, குணமான விரல்களால் மீண்டும் அக்கார்டியன் வாசித்தார். 1948இல் மில்வாக்கியில் நடந்த போட்டியில் 'போல்கா மன்னர்' பட்டம் பெற்றார். 1986இல் போல்காவுக்கென முதன்முறை வழங்கப்பட்ட கிராமி விருதும் அவருக்கே கிடைத்தது.

அந்த விருதுப் பிரிவு 2009இல் நீக்கப்பட்டது. விஸ்கான்சின் மாநிலம் 1993இலேயே போல்காவைத் தன் அதிகாரபூர்வ நடனமாக அறிவித்திருந்தது. தேசிய மேடை கைவிட்டதை ஒரு மாநிலம் வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் டி-ஷர்ட்டை மதிக்கத் தோன்றுகிறது. பாட்டிமார் மாதக்கணக்கில் பூவேலை செய்த செக் நாட்டார் உடை பெட்டியில் உறங்குகிறது; அதன் இடத்தை அச்சடித்த பனியன் பிடித்துவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. வருத்தம் நியாயமானதே. ஆயினும் அமெரிக்கப் போல்கா, ஆலைத் தொழிலாளர்கள் வாரயிறுதியில் மதுக்கூடங்களிலும் சங்கக் கூடங்களிலும் ஆடியது. டி-ஷர்ட்டும் கடற்படையினரின் உள்ளாடையாக இருந்து வெளியே வந்ததுதான். அந்தப் பூவேலை உடையை அணிய ஒருவர் செக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். டி-ஷர்ட்டுக்கு அந்த ஊரில் ஒரு மாலை ஆடியிருந்தால் போதும்.